கழற்றிப் பார்த்துக் கற்றவர்: ஜி.டி. நாயுடுவும் நமது மண்ணெண்ணெய் எஞ்சின்களும்

பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் படுவான்கரையில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் பெற்றோலை மருந்து போலத்தான் பாவித்தார்கள். சின்னப் போத்தலில் கொஞ்சம் இருக்கும். காபரேட்டருக்குள் சில துளி விட்டு உதைத்தால் எஞ்சின் பிடிக்கும். சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். வெள்ளைப் புகையும் கண்ணெரிச்சலும் அந்த வாசமும் என் வயதுக்காரர் பலருக்கு இன்னும் நினைவிருக்கும்.

எரிபொருளை மாற்றுவது பாதி வேலைதான். மீதி எஞ்சினின் பக்கத்து மூடிக்குள் இருந்தது. பிஸ்டன் மேலே வந்து முடிவதற்குச் சற்று முன்னரே பிளக் பொறி தட்டவேண்டும் என்பது பெற்றோல் எஞ்சினின் கணக்கு. மண்ணெண்ணெய் அந்த அழுத்தத்தையும் சூட்டையும் தாங்காது. முறைப்படி எரிவதற்குள் ஒரு பகுதி தானாகவே வெடிக்கும். உள்ளே சுத்தியலால் அடிப்பதுபோலச் சத்தம் கேட்கும். அப்படியே ஓடினால் பிஸ்டன் போய்விடும். ஆகவே பொயின்ற் பூட்டியிருக்கும் தட்டின் ஆணிகளைத் தளர்த்தி, ஒரு மயிரிழை திருப்பி, பொறி கொஞ்சம் பிந்தி வரும்படி செய்தார்கள். சிலர் தலைப்பகுதிக்குக் கீழே இன்னொரு கஸ்கெற் வைத்து அழுத்தத்தையும் குறைத்தார்கள். இழுவை குறையும், எஞ்சின் சூடாகும், பிளக்கில் கரி பிடிக்கும், எஞ்சின் ஒயில் தண்ணீர்போல ஆகும். ஆனாலும் மண்முனைத் துறையில் பாதை ஏற வந்துசேரலாம். இதற்கு ஒரு புத்தகமும் இருக்கவில்லை. காதால் கேட்டு வைத்த டைமிங் அது.

இவர்களைப் பற்றி எழுத நினைத்தபோதெல்லாம் எனக்கு ஜி.டி. நாயுடுவின் ஞாபகம் வரும். நம்மில் பலருக்கு அவர் வெறும் பெயர். இந்தியாவின் எடிசன் என்ற பட்டத்தோடு கடந்துபோய்விடுவோம். அந்தப் பட்டம் எனக்கு அவ்வளவு பிடிப்பதில்லை. வாழ்க்கை அதைவிடச் சுவையானது.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23இல் கோயம்புத்தூருக்கு அருகே கலங்கல் என்ற கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை, ஆரம்ப வகுப்புகளோடு நின்றுவிட்டார். பதின்ம வயதில் ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஊருக்குள் ஓட்டிவந்த றட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டார். மாடும் குதிரையும் இல்லாமல் ஓடும் வண்டி. அதை வாங்கவேண்டும் என்பதற்காகவே கோயம்புத்தூருக்குப் போய் ஒரு விடுதியில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தார். ஏறக்குறைய மூன்று வருடம் சேமித்து, 300 ரூபாவுக்கு அந்த வண்டியையே வாங்கினார் என்று அவரது வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். வாங்கியவர் அதில் ஊர் சுற்றவில்லை. முழுவதுமாகக் கழற்றிப் பரப்பி, திரும்பப் பூட்டினார். அவருடைய பல்கலைக்கழகம் அதுதான்.

இடையில் பருத்தி வியாபாரம். முதலாம் உலகப்போர்க் காலத்தில் நன்றாகச் சம்பாதித்தார். பம்பாய்க்குப் போய்ப் பெரிய வியாபாரிகளோடு மோதி எல்லாவற்றையும் இழந்தார். வெறுங்கையோடு திரும்பியவருக்குக் கைகொடுத்தவர் கோயம்புத்தூரின் ஆங்கிலேயத் தொழிலதிபர் றொபேர்ட் ஸ்ரேன்ஸ். அவரது உதவியோடு ஒரு பஸ் வாங்கி, 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே சாரதியாக இருந்து ஓட்டினார். இந்த இடத்தை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். திறமை மட்டும் போதுமாக இருக்கவில்லை. கடன் நம்பிக் கொடுக்க ஒருவர் இருந்தார். நமது ஆட்களுக்கு அப்படி யாரும் இருக்கவில்லை.

அக்காலத்து வாகனங்களைப் பற்றி ஒரு விடயம். ஸ்ரேறிங் பக்கத்தில் ஒரு சிறிய நெம்பு இருக்கும். பொறி எப்போது தட்டவேண்டும் என்பதைச் சாரதியே அதால் முன்பின் தள்ளிக்கொள்ள வேண்டும். ஸ்ராட் பண்ணும்போது பிந்தி, வேகம் எடுக்கும்போது முந்தி, ஏற்றத்தில் மீண்டும் பிந்தி. மறந்துபோய் முந்திய நிலையில் விட்டுவிட்டுக் கைபிடியைச் சுற்றினால், எஞ்சின் திருப்பி உதைத்து மணிக்கட்டை முறித்துவிடும். 1920களின் சாரதி ஒவ்வொருவரும் ஓரளவுக்கு டைமிங் மெக்கானிக்தான். பின்னர் இந்த வேலை டிஸ்ரிபியூற்றருக்குள் இருந்த சுழலும் எடைகளிடம் போனது. இன்று கணினிச் சில்லிடம் போயிருக்கிறது.

பற்றரி, கொயில், பொயின்ற், கொண்டன்சர் என்று நமக்குப் பழக்கமான பொறி முறையை வாகனங்களுக்குள் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் சார்ள்ஸ் கெற்றரிங். 1910 அளவில் அது கடிலாக் கார்களில் வந்தது. கார்கள் தட்டத் தொடங்கியபோது அவரது பொறி முறையின் மீதுதான் பழி விழுந்தது. கிராமத்து வீடுகளுக்காக அவரது நிறுவனம் செய்த சிறிய மின்பிறப்பாக்கி மண்ணெண்ணெயில் ஓடியது, அதுவும் தட்டியது. அதை ஆராயப்போய்த்தான் குற்றம் பொறியில் இல்லை, எரிபொருளில் என்று கண்டார்கள். ஓகாயோவின் ஆய்வுகூடத்தில் அளந்து கண்டதை இங்கே கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் காதால் கண்டுபிடித்தார்கள் என்று நினைக்கும்போது எனக்குச் சிரிப்பும் வரும், வேறொன்றும் வரும்.

நாயுடுவுக்கு வருவோம். அவரது ஒரு பஸ் பெருகி யுனிவேர்சல் மோட்டார் சேர்விஸ் என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமானது. பஸ் நிறுவனம் என்றால் கராஜ் வேண்டும். அந்தக் கராஜ்தான் அவருடைய சோதனைச்சாலை. எஞ்சினின் அதிர்வைச் சோதிக்கும் கருவி செய்தார். 1937இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்தியாவில் தயாரான முதல் மின் மோட்டார் என்று சொல்லப்படுவதைப் பீளமேட்டில் உருவாக்கினார். பற்றரியில் ஓடும் ரசன்ற் என்ற சவரக் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, மோசடி செய்யமுடியாத வாக்குப்பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீளும். மண்ணெண்ணெய் விசிறி மட்டும் 90களில் இங்கே கிடைத்திருந்தால் எத்தனை வீடுகள் வாழ்த்தியிருக்கும்!

1944இல் மோட்டார் நிறுவனப் பொறுப்புகளில் இருந்து விலகினார். கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பெயரில் பொலிரெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் உருவாக அவரது பணமும் உழைப்பும் காரணம். 1945இல் அதன் அதிபராகவும் இருந்தார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர் பொறியியல் கல்லூரி அதிபர்! நான்கு வருடப் படிப்பு வீண், கைவேலையோடு சேர்த்தால் இரண்டு வருடம் போதும் என்பது அவர் நிலைப்பாடு. அரசு ஏற்கவில்லை, அவரும் இருக்கவில்லை. இந்த வாதத்தில் அவர் முழுக்கச் சரி என்று நான் சொல்லமாட்டேன். காதால் வைத்த டைமிங்கில் எத்தனை பிஸ்டன்கள் உருகின, பெற்றோல் போத்தல் தீப்பிடித்து எத்தனை கைகள் வெந்தன என்று நமக்குத் தெரியும். காரணம் தெரிந்து செய்வதற்குக் கொஞ்சம் படிப்பும் வேண்டும்.

1952இல் இரண்டு பேர் இருக்கக்கூடிய ஒரு பெற்றோல் காரைச் செய்தார். விலை 2,000 ரூபா. நடுத்தரக் குடும்பம் ஒன்று நினைத்துப் பார்க்கக்கூடிய விலை. உற்பத்தி செய்ய அரசு அனுமதி கொடுக்கவில்லை, கார் அத்தோடு நின்றது. 1974 ஜனவரி 4இல் நாயுடு காலமானார். கோயம்புத்தூர் அவிநாசி வீதியில் அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது. அவர் செய்த பொருட்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கின்றன.

இங்கே கண்ணாடிப் பெட்டி எதுவும் இல்லை. எனக்குச் சிறுவயதில் தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணனின் ஆயுதப்பெட்டி, 2007 மார்ச்சில் படுவான்கரை முழுவதும் இடம்பெயர்ந்தபோது வீட்டோடு விடுபட்டது. திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெட்டியும் இல்லை. தேய்த்துத் தேய்த்து மெலிந்த ஒரு அரமும், இடைவெளி பார்க்க அவர் வைத்திருந்த தகடுகளும்தான் போனதில் பெரிய இழப்பு என்பார். மண்முனையில் 2014இல் பாலம் வந்தது. பாதை நின்றது. பெற்றோல் எல்லா இடமும் கிடைக்கிறது. இப்போது வரும் மோட்டார் சைக்கிள்களில் பொயின்ற்றும் இல்லை, பலவற்றில் காபரேட்டரும் இல்லை. டைமிங்கை மாற்றுவதென்றால் மடிக்கணினியை இணைத்து எண்களை மாற்றவேண்டும். கொழும்பில் இளம் பெடியள் அதைச் செய்கிறார்கள்.

பாடநெறி படிக்காதவரும் செய்த வேலையைக் காட்டி, மதிப்பீட்டுக்குத் தோற்றி என்.வி.கியூ. சான்றிதழ் பெறும் வழி இலங்கையில் இருக்கிறது. நைற்றா போன்ற நிறுவனங்கள் ஊடாக விண்ணப்பிக்கலாம். அண்ணனிடம் சொன்னேன். வேலை செய்துகாட்டுவதில் அவருக்குப் பயம் இல்லை. எங்கே, யாரிடம், எத்தனை வருடம் வேலை செய்தீர் என்று கேட்டால் எந்தக் கடிதத்தைக் காட்டுவது என்பதுதான் அவர் கேள்வி. அவர் தொழில் பழகிய கராஜும் அதன் முதலாளியும் 1990உடன் இல்லை. படிவம் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.