ஆளறிந்து மருந்து: அறிஞர் கேரட்

ஒரே மருந்தை ஒரே அளவில் இருவர் உண்கின்றனர். ஒருவர் நலம் பெறுகிறார். மற்றவருக்குக் கைகால் மரத்துப் போகிறது. குற்றம் மருந்தினுடையதா, உண்டவர் உடலினுடையதா? இவ்வினாவை மருத்துவர்கள் கேட்கப் பழகவேண்டும் என்று பல்லாண்டு எடுத்துரைத்தவர் சர் ஆர்ச்சிபால்ட் கேரட். அவர் வரலாற்றை நம் மலரில் எழுத எனக்குக் காரணம் உண்டு, பின்னர் சொல்கிறேன்.

1857 நவம்பர் 25-ஆம் நாள் இலண்டனில் பிறந்தார் கேரட். தந்தையாரும் பெயர்பெற்ற மருத்துவர். மூட்டுவீக்க நோயாளரின் குருதியில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதைக் காட்டியவர். நோயாளியின் படுக்கையருகே நின்று வேதியியலை எண்ணும் பழக்கம் மகனுக்கும் வாய்த்தது.

குழந்தைகள் மருத்துவமனையில் அவர் கண்ட சிறுவன் ஒருவனின் சிறுநீர் காற்றுப்பட்டதும் கறுத்தது. குடலில் வாழும் கிருமியின் வேலை என்று பலர் எண்ணினர். 1901-இல் அக்குடும்பத்தில் மீண்டும் ஒரு குழந்தை பிறந்தது. பிறந்த நேரம் முதலே துணிகளைக் கவனிக்கச் செவிலியரை ஏற்பாடு செய்தார் கேரட். மூன்றாம் நாளுக்குள் கறை தோன்றிவிட்டது. அப்படியானால் இது கிருமியன்று, பிறவியிலேயே வருவது! இத்தகையோரின் பெற்றோர் பலர் நெருங்கிய உறவில் மணந்தவர்கள் என்பதையும் கண்டார். அத்தை மகளையும் மாமன் மகளையும் மணக்கும் நமக்கு இச்செய்தி புதிதன்று. ஆங்கிலேயருக்கு அது பெரிய தடயமாயிற்று. பேட்சன் என்னும் அறிஞர் அதை மெண்டலின் மரபு விதியோடு பொருத்திக் காட்டினார்.

1902-இல் வெளிவந்த கட்டுரையில் கேரட் மேலும் ஒரு படி சென்றார். முகம் வேறுபடுவது போல் உடலின் வேதியியலும் ஆளுக்கு ஆள் வேறுபடும். மருந்து சிலருக்கு மட்டும் ஒவ்வாதிருப்பதும் அதனால் இருக்கலாம் என்றார். 1908-இல் சொற்பொழிவுகளாகவும் 1909-இல் நூலாகவும் கருத்தை விரித்தார். மருத்துவ உலகம் அவரைப் போற்றியது; பாடத்தை மட்டும் விட்டுவிட்டது. அரிய நோய்தானே, நமக்கென்ன என்று இருந்துவிட்டனர் போலும்!

முதல் உலகப் போர் அவர் ஆண்மக்களில் இருவரைக் கொண்டது. மூன்றாமவரை 1919-இல் இன்புளூயன்சா கொண்டது. அத்துயரோடுதான் 1920-இல் ஆக்ஸ்போர்டில் மருத்துவப் பேராசிரியர் பதவியேற்றார். 1931-இல் நோய்க்கு இடந்தரும் பிறவித் தன்மைகள் பற்றி மற்றொரு நூல் எழுதினார். 1936-இல் மறைந்தார். 1958-இல் நோபெல் பரிசு பெற்ற பீடில், தாம் கண்டதைக் கேரட் முன்பே கண்டிருந்தார் என ஒப்புக்கொண்டார்.

இனி என் காரணம். வண்டலூரில் மின்சார ரயில் ஏறும் எங்களுக்குத் தாம்பரம் சானடோரியம் ஒரு நிறுத்தம். 1928-இல் டாக்டர் சௌரி முத்து அங்கே காசநோய் நிலையம் அமைத்தபோது நல்ல காற்றும் ஓய்வும் உணவுமே முதன்மையான சிகிச்சை. ஐசோனியசிட் 1952-இல்தான் வழக்கத்துக்கு வந்தது. அதே தடத்தில் மேலே சென்றால் சேத்துப்பட்டு. அங்கே 1956-இல் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு நிலையத்தார், நம் ஏழை நோயாளரின் குருதியில் அம்மருந்தின் அளவை அளந்தனர். சிலர் உடல் அதை விரைவில் செயலிழக்கச் செய்தது. சிலர் உடல் மெதுவாக. மெதுவானவர்களுக்கே நரம்புத் தளர்ச்சி மிகுதி. பைரிடாக்சின் என்னும் உயிர்ச்சத்து அதைத் தடுத்தது. வாரம் ஒருமுறை மட்டும் மருந்து கொடுத்தபோதோ, விரைவானவர்களுக்குக் குணம் குறைந்தது. கேரட் சொன்ன ஆள் வேறுபாடு இதுவேயன்றோ! இவ்வேறுபாட்டை விளைக்கும் மரபணுவின் பெயர் நாட்-2.

இன்று மருந்தியல் மாணவர் இப்பாடத்தைப் படிக்கும்போது ஐசோனியசிட்டே எடுத்துக்காட்டாக வருகிறது. தேர்வில் விடையெழுதுகிறார்கள். மருந்துச்சீட்டு எழுதும் முன், வந்தவர் எவ்வகையினர் என்று பார்க்கும் வழக்கந்தான் இன்னும் பரவவில்லை.