கடிதத் தொகுப்பின்வழி ஆயர் கில்பர்ட் ஃபோலியட்

பன்னிரண்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பேராயர் தாமஸ் பெக்கெட்டை எதிர்த்தவர் என்ற அளவிலேயே ஆயர் கில்பர்ட் ஃபோலியட் பெரிதும் அறியப்படுகின்றார். 1170இல் கொலையுண்ட பெக்கெட் 1173இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அதன்பின் எழுந்த வரலாறுகளுள் மிகப்பல அவர் சார்பினவே. எதிர்த்தரப்பின் குரலைக் காத்துத் தந்தது ஆக்ஸ்ஃபோர்டு பாட்லியன் நூலகத்திலுள்ள ஒரு தோற்சுவடியாகும். ஃபோலியட்டின் இலத்தீன் கடிதங்கள் அவர் வாழ்நாளிலேயே, அவர்தம் எழுத்தர்களால் அதில் தொகுக்கப்பெற்றன.

குளூனி மடத்துத் துறவியாகிய ஃபோலியட் 1139இல் குளோஸ்டர் மடத்தின் தலைவரானார். அரசர் ஸ்டீபனும் பேரரசி மட்டில்டாவும் அரியணைக்காகப் போரிட்ட காலம் அது. மட்டில்டாவின் உரிமையை நிறுவப் பிரையன் ஃபிட்ஸ் கவுன்ட் என்னும் பெருமகன் ஒரு நூல் எழுதினார். அந்நூல் இன்று கிடைக்கவில்லை. அதனைப் பாராட்டி ஃபோலியட் வரைந்த நீண்ட கடிதம் கிடைக்கின்றது. மகளுக்கும் வாரிசுரிமை உண்டு என்பதற்கு விவிலியத்தின் எண்ணாகமம் அக்கடிதத்தில் சான்றாகின்றது. ஆயினும் 1148இல் ஹெரிஃபோர்ட் ஆயரானதும் ஃபோலியட் ஸ்டீபனுக்கே பற்றுறுதி செய்தார். வாதத்திற்கும் செயலுக்கும் இடையிலான இம்முரண் மறைக்கத்தக்கதன்று.

1162இல் பெக்கெட் பேராயராவதை எதிர்த்த ஃபோலியட், மறு ஆண்டே இலண்டன் ஆயராக மாற்றப்பட்டார். முன்னரே கான்டர்பரிக்குக் கீழ்ப்படிதல் உறுதி அளித்துவிட்டதாகக் கூறி, மீண்டும் அளிக்க மறுத்தார். பகை முற்றிய 1166இல் பெக்கெட்டுக்கு அவர் விடுத்த மடலே தொகுப்பின் உச்சம் எனலாம். கிளாரண்டன் அவையில் ஆயர்கள் உறுதியாக நிற்கப் பேராயரே அரசருக்குப் பணிந்தார் என்பது அதன் கடுமையான குற்றச்சாட்டு. இவ்வளவு சினம் ஓர் ஆயருக்கு உரியதா என ஐயுற்றோர் அதனைப் போலி என்றனர். நடையும் செய்தியும் நோக்கி இன்றைய ஆய்வாளர் அவருடையதாகவே கொள்கின்றனர். உயர்ந்தோர் எழுத்தில் சினம் இராது என்பது மூலபாட ஆய்வுக்கு ஏற்ற அளவுகோலன்று.

1169இல் பெக்கெட் அவரைத் திருச்சபையினின்று விலக்கினார். மறு ஆண்டு விலக்கு நீங்கியது. இளவரசர் ஹென்றியின் முடிசூட்டில் பங்கேற்றமையால் மீண்டும் விதிக்கப்பட்டது. கொலைக்குப்பின் விடுவிக்கப்பெற்று, 1187இல் மறையும்வரை இலண்டன் ஆயராகவே இருந்தார். அவர்தம் கடிதங்களின் செம்பதிப்பு 1967இல் வெளிவந்தது.