மெட்டில் நிலைத்த பெயர்

அயர்லாந்து நாட்டில் வயலினும் குழலும் வாசிப்போர் நன்கறிந்த ஆடல் மெட்டு ஒன்றுண்டு. ‘மனிதனின் உரிமைகள்’ என்பது அதன் பெயர். அது ஹோர்ன்பைப் எனப்படும் இனத்தைச் சேர்ந்தது. பிரித்தானியாவிலிருந்து வந்து பதினெட்டாம் நூற்றாண்டில் அயர்லாந்தின் ஆடலிற் கலந்த இவ்வினம், நான்கு தட்டுக் கொண்ட தாளத்தில் நிமிர்ந்து நடக்கும் நடையுடையது. ஒவ்வொரு பகுதியும் அழுத்தமான மூன்று தட்டுக்களோடு முடியும். ஆடுவோர் வன்மையான அடியுடைய பாதணிகளால் அவற்றை நிலத்தில் ஒலிக்கச் செய்வர். இம்மெட்டிற்குச் சொற்கள் இல்லை. ஆக்கியோன் பெயரும் வழங்கவில்லை. அது தாங்கி நிற்பது ஒரு நூலின் பெயரையே. அந்நூலை இயற்றிய தோமஸ் பெயின் என்பாரின் வரலாற்றை ஈண்டுக் கூறப் புகுந்தேன்.

பெயின் 1737 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தெற்போர்ட் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் மாதர் அணியும் இறுக்குக் கச்சுத் தைப்பவர். மைந்தரும் அத்தொழிலையே பயின்றார். பின்னர் ஆயத்தீர்வை அலுவலராகி, இருமுறை வேலையிழந்தார். 1774 இல், தமது முப்பத்தேழாம் வயதில், பெஞ்சமின் பிராங்கிளின் கொடுத்த அறிமுகக் கடிதத்துடன் அமெரிக்கா சென்றார். 1776 ஜனவரியில் அவர் வெளியிட்ட சிறு நூலொன்று, அங்குள்ள குடியேற்ற நாடுகள் பிரித்தானிய முடியினின்றும் நீங்கித் தம்மைத் தாமே ஆளவேண்டும் என வாதித்தது. அவ்வாண்டு ஜூலையிலேயே சுதந்திரப் பிரகடனம் எழுந்தது.

மாணாக்கர்க்கு உரைநடை கற்பிக்கும்போது யான் பெயினின் பெயரைச் சொல்வதுண்டு. அவர் பெரும்பள்ளிகளிற் பயின்றவரல்லர். கற்றோர் தமக்குள் பேசிவந்த அரசியலை உழவரும் தொழிலாளரும் கேட்டவுடன் உணரும் நடையில் எழுதினார். எளிமை புலமைக்கு இழுக்கென்று கருதும் நம்மனோர் அவர் நூல்களை ஒருமுறையேனும் நோக்குதல் நன்று. ஆள்வோர் அஞ்சியது அவர் கருத்துக்கு மட்டுமன்று. அக்கருத்து எளியோர் கைக்குப் போய்ச் சேர்ந்தமைக்குமாம்.

1790 இல், டப்ளின் நகரிற் பிறந்த எட்மண்ட் பேர்க் பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து நூலெழுதினார். அதற்கு மறுப்பாகப் பெயின் 1791 இல் ‘மனிதனின் உரிமைகள்’ முதற் பாகத்தையும், மறு ஆண்டில் இரண்டாம் பாகத்தையும் வெளியிட்டார். பிறப்பினால் வரும் ஆட்சியுரிமையை மறுத்ததோடு, முதியோர்க்கு உதவிப்பணம், வறியோர் பிள்ளைகளுக்குக் கல்வி ஆகியவற்றையும் அவர் வேண்டினார். வியப்பு யாதெனில், பேர்க் பிறந்த அயர்லாந்தே பெயினைப் பெரிதும் வரவேற்றது. கத்தோலிக்கர் பெரும்பான்மையினராயிருந்தும் பாராளுமன்றத்தில் அமரவியலாத காலம் அது. 1791 ஒக்டோபரில் பெல்பாஸ்ற் நகரில் ஐக்கிய அயர்லாந்தர் சங்கம் தோன்றிச் சமய வேறுபாடு கடந்த ஒற்றுமையை நாடியது. அச்சங்கத்து வுல்ப் ரோன், பெயினின் நூலை அந்நகரத்தவர்க்கு வேதம் போன்றதெனத் தம் நாட்குறிப்பிற் குறித்தார். பிற்காலத்திற் சங்கத் தலைவருள் ஒருவரான எட்வேட் பிற்ஸ்ஜெரல்ட் பிரபு 1792 இற் பாரிசிலே பெயினுடன் தங்கியிருந்தார்.

இங்கிலாந்து அரசு பெயின்மீது இராசத்துரோக வழக்குத் தொடுத்தது. அவர் பிரான்சு சென்று, அங்குப் பேரவை உறுப்பினரானார். முடியாட்சியை வெறுத்த அவரே, 1793 ஜனவரியில், மன்னன் லூயியைக் கொல்லலாகாது என்று அப்பேரவையில் வாதாடினார். முறைமையை வெறுத்தாரேயன்றி மனிதனை வெறுத்தாரல்லர். அவ்வாண்டு இறுதியிற் சிறைப்பட்டு, 1794 நவம்பரில் விடுதலை பெற்றார். ஒரே கடவுளை நம்பியும் திருச்சபைகளின் கோட்பாடுகளை மறுத்து அவர் எழுதிய நூல், அவருக்கு நாத்திகர் என்னும் பழியைத் தேடித் தந்தது.

1802 இல் அமெரிக்கா மீண்ட அவரைப் பழைய நண்பர் பலர் புறக்கணித்தனர். 1809 ஜூன் 8 இல் நியூயோர்க்கிற் காலமானார். ஒரு நாட்டின் விடுதலைக்கு வித்திட்டவரின் இறுதிச் சடங்கிற்கு வந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. 1819 இல் வில்லியம் கொபெற் என்பவர் நினைவுச்சின்னம் எழுப்பும் எண்ணத்துடன் அவர் எலும்புகளைத் தோண்டி இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். எண்ணம் ஈடேறவில்லை, கொபெற் இறந்தபின் எலும்புகளும் தொலைந்தன.

அயர்லாந்திலும் 1798 எழுச்சி குருதியில் அடக்கப்பட்டது. பிற்ஸ்ஜெரல்ட் சிறையில் மாண்டார். ரோனும் அவ்வாண்டிலேயே சிறையில் உயிர்நீத்தார். நூலைத் தடுக்கலாம், விற்றவரைச் சிறையிலிடலாம். சொல்லில்லாத மெட்டின்மீது எவ்வழக்கைத் தொடுப்பது? இன்றும் அந்நாட்டில் அந்நூலை ஒருவரியேனும் படித்திராத இளைஞர் ஒருவர் வயலினைத் தோளிற் சார்த்துகின்றார். இனி வாசிப்பது யாது என்று பக்கத்திலிருப்பவர் வினவ, பெயின் தம் நூலுக்கு இட்ட பெயரையே விடையாகக் கூறுகின்றார். எலும்பையும் இழந்த ஒருவர்க்கு இதனினும் உறுதியான நடுகல் வேறொன்று இருப்பதாக யான் கருதவில்லை.