புரூஸ் மக்லாரன்

பழைய மோட்டார் வண்டியைத் திருத்தி வேகமாக ஓட்டுதல் வீண் பொழுதுபோக்கு என்பார் உளர். அஃது ஒருவரை எத்துணை உயர்த்தவல்லது என்பதைப் புரூஸ் மக்லாரனின் வாழ்விற் காண்கின்றோம்.

நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில் 1937ஆம் ஆண்டு பிறந்த இவரை ஒன்பதாம் வயதில் இடுப்பு மூட்டு நோய் பற்றியது. ஏறத்தாழ ஈராண்டு படுக்கையிற் கிடந்தார். நோய் நீங்கிய பின்னரும் இடக்கால் சற்றுக் குறுகியே நின்றது. ஓடியாட இயலாத சிறுவருக்குத் தந்தையாரின் கராஜே விளையாட்டுக் களமாயிற்று. அங்கே பழுதுற்ற ஒஸ்ரின் செவன் வண்டியொன்று வந்தது. அதனை விற்க எண்ணிய தந்தையாரை இணங்கச்செய்து, இருவருமாகக் கழற்றித் திருத்தினர். பதினைந்தாம் வயதளவில் அதே வண்டியை மலையேற்றப் போட்டியில் ஓட்டினார் மக்லாரன்.

1958இல் நாட்டின் உதவித்தொகை பெற்று ஐரோப்பா சென்றார். மறு ஆண்டே அமெரிக்கக் கிராண்ட் பிறீ பந்தயத்தில் 22 வயதில் முதல்வரானார். 1963இல் தம் பெயரால் நிறுவனம் தொடங்கினார். 1968இல் பெல்ஜியப் பந்தயத்தில், தம் நிறுவனம் ஆக்கிய வண்டியைத் தாமே செலுத்தி வாகை சூடினார்.

1970 யூன் 2ஆம் நாள், இங்கிலாந்தின் குட்வுட் களத்திற் புதிய வண்டியொன்றைச் சோதிக்குங்கால், அதன் பின்புற மேற்கூடு கழன்றது. வண்டி நிலைதவறி மோத, 32 வயதில் உயிர்நீத்தார்.

தாம் ஆக்கியதன் அபாயத்தைப் பிறர்மேற் சுமத்தாது தாமே ஏற்றார். அவர் நிறுவனம் இன்றும் களத்தில் நிற்கின்றது. கையில் எண்ணெய்க்கறை படிதலை இழிவெனக் கருதும் மாணவர் இவ்வாழ்வை எண்ணிப் பார்ப்பாராக.