கீர்த்தனையால் இறைவனைப் போற்றிய வேதநாயக சாஸ்திரியார்

ஈப்போ நகரிலும் பேராக் தோட்டப்புறங்களிலும் தமிழ்க் கிறிஸ்துவர்கள் வழிபாட்டில் பாடிவரும் கீர்த்தனை மரபை வளர்த்தவர்களில் முதன்மையானவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்.

1774இல் திருநெல்வேலியில் பிறந்த அவரைச் சிறுவயதிலேயே தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்று படிக்க வைத்தவர் ஜெர்மன் பாதிரியார் சுவார்ட்ஸ். பின்னாளில் தஞ்சை மன்னரான சரபோஜியும் அதே பாதிரியாரிடம் பாடம் கற்றவர்தான். கர்நாடக இசையில் ஏராளமான கீர்த்தனைகளை இயற்றிய சாஸ்திரியார், பெத்லகேம் குறவஞ்சியையும் எழுதினார்.

1820களில் புதிதாக வந்த மிஷனரிகள், ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனைகளுக்கும் திருநாள் பூ அலங்காரத்திற்கும் தடை போட்டனர். இறைவனுக்குரிய மரியாதையைத் தமிழர் தம் முறைப்படியே செலுத்தலாம் என்று சாஸ்திரியார் வாதாடினார். அதோடு, எல்லாச் சாதியினரும் ஒன்றாக அமர்ந்து திருவிருந்தில் பங்குகொள்ள வேண்டும் என்று மிஷனரிகள் சொன்னதையும் எதிர்த்தார். முன்னதில் நியாயம் அவர் பக்கம், பின்னதில் இல்லை. இந்தப் பிணக்கில் மிஷன் வேலையை இழந்த அவருக்குச் சரபோஜி கைகொடுத்தார்.

1864இல் தமது 89ஆம் வயதில் சாஸ்திரியார் மறைந்தார். அவர் காத்த கீர்த்தனைகள் இன்று எல்லாருக்கும் சொந்தம். அன்று தனியே அமர வைக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்களும் ஒரே வரிசையில் நின்று அவற்றைப் பாடுகிறார்கள்.