கெல்வின் பிரபுவும் அவர் அமைத்த எழுதுகோலும்

பெரியோர் சரிதங்களைப் படிக்குங்கால் நாம் அவர்கள் அடைந்த பட்டங்களையும் பதவிகளையுமே பெரிதும் நோக்குகின்றோம். ஒரு சிறு பொருளின்மேல் அவர்கள் ஆண்டுக்கணக்காய்ச் செலுத்திய கருத்தை நாம் அத்துணை நோக்குவதில்லை. கெல்வின் பிரபு என உலகம் போற்றும் வில்லியம் தாம்ஸன் இயற்றிய நூல்களும் கண்ட உண்மைகளும் மிகப் பல. அவற்றையெல்லாம் ஈண்டு எடுத்துரைத்தல் இயலாது. தாளின்மேல் தானே கோடு இழுக்கும் ஓர் எழுதுகோலை அவர் எவ்வாறு அமைத்தார் என்பதையே நடுவாகக் கொண்டு அவர் வாழ்க்கையைச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

வில்லியம் தாம்ஸன் 1824-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் அயர்லாந்திலுள்ள பெல்பாஸ்ட் நகரில் பிறந்தார். ஆறு வயதில் தாயை இழந்தார். தந்தையார் கணித ஆசிரியர். 1832-ல் அவருக்குக் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் கணிதப் பேராசிரியர் பதவி கிடைக்கவே, குடும்பம் ஸ்காத்லாந்து சென்றது. பிள்ளைகளுக்குத் தந்தையே ஆசானாய் அமைந்தார். வில்லியம் பத்து வயதிலேயே அச்சர்வகலாசாலையில் மாணவராய்ச் சேர்ந்தார்.

பதினாறு வயது நிரம்புமுன், 1840-ல், பிரெஞ்சுக் கணித அறிஞர் பூரியே உஷ்ணத்தின் பரவலைக் குறித்து எழுதிய அரிய நூல் அவர் கைக்கு எட்டியது. இரண்டு வாரத்தில் அதைப் படித்து முடித்தார். எத்துணைச் சிக்கலான அலையும் எளிய அலைகள் பல கூடியதே என்பது அந்நூலால் விளங்கும் உண்மைகளுள் ஒன்று. இவ்வுண்மை அவர் வாழ்நாள் முழுவதும் அவருடன் நடந்து வந்ததைப் பின்னர்க் காண்போம்.

1841-ல் கேம்பிரிட்ஜ் சென்றார். 1845-ஆம் ஆண்டுக் கணிதப் பரீட்சையில் முதலிடம் அவருக்கே என்று பலரும் எதிர்பார்த்திருக்க, இரண்டாம் இடமே கிடைத்தது. அடுத்த ஆண்டு, தம் இருபத்திரண்டாம் வயதில், கிளாஸ்கோவில் பௌதிகப் பேராசிரியராய் அமர்ந்தார். ஐம்பத்துமூன்று ஆண்டுகள் அப்பதவியை விட்டு நீங்கவில்லை. மாணவர் தம் கையாலேயே சோதனை செய்து பழகவேண்டும் என்று கருதி, திராட்சைரசம் வைக்கும் பழைய நிலவறை ஒன்றை அவர்களுக்கு ஆராய்ச்சிச்சாலையாக்கினார். செம்பின் தூய்மைக்கேற்ப அது மின்சாரத்தைச் செலுத்தும் திறன் வெகுவாய் வேறுபடுவதை அவர் அளந்து கண்டார். கடலுக்கடியில் இடும் தந்திக் கம்பிக்கு இது இன்றியமையாத செய்தியாயிற்று.

அக்காலத்தில் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் அட்லாண்டிக் சமுத்திரத்தின் அடியே தந்திக் கம்பியால் இணைக்கும் பெருமுயற்சி நடைபெற்றது. 1857-ல் இட்ட கம்பி அறுந்தது. 1858-ல் கம்பி கரையேறியது. இரு கண்டங்களும் ஆரவாரித்தன. ஆயின், ஈராயிரம் மைல் நீளமுள்ள கம்பியின் கோடியில் வந்து சேரும் மின்சாரமோ மிக மெலிந்தது. கம்பெனியின் மின்சார நிபுணர் ஒயிட்ஹவுஸ், மின்சாரத்தை மிக்க வலியுடன் செலுத்தினால் செய்தி விரைந்து செல்லும் என்று நம்பினார். முன்னமே பழுதுற்றிருந்த கம்பி அவ்வலிமையைத் தாங்காது சில வாரங்களில் ஊமையாயிற்று. தாம்ஸன் கொண்ட கருத்து இதற்கு நேர்மாறானது. அனுப்புகின்ற இடத்தில் வலிமையைப் பெருக்குவதைவிடப் பெறுகின்ற இடத்தில் நுண்மையைப் பெருக்குவதே நெறி என்று அவர் கண்டார். பட்டிழையில் தொங்கும் சிறு கண்ணாடியும் அதன் பின்னே ஒட்டிய காந்தத் துணுக்குகளுமாக ஒரு கருவி செய்தார். மெலிந்த மின்சாரம் வந்ததும் கண்ணாடி சற்றே திரும்பும்; அதன்மேற் பட்ட விளக்கொளி எதிரேயுள்ள அளவுகோலில் இடமும் வலமுமாய் அசையும். ஒளிக்குப் பாரமில்லை, ஆதலால் அசைவுக்குத் தடையுமில்லை. 1866-ல் கம்பி நிலையாய் அமைந்தபோது இக்கருவியே செய்தியை வாங்கியது. அவ்வாண்டே அவருக்கு ஸர் பட்டம் வழங்கப்பட்டது.

எனினும் ஒரு குறை எஞ்சி நின்றது. அசையும் ஒளியைக் கண் கொட்டாது ஒருவர் பார்த்துச் சொல்ல, மற்றொருவர் எழுதவேண்டும். கண் சோர்ந்தால் எழுத்து தவறும். ஒளி அசைந்த சுவடு எங்குமில்லாமையால், தவறியதைத் திரும்பப் பார்ப்பதற்கும் வழியில்லை. வந்த செய்தி தன்னைத் தானே தாளில் எழுதிவைத்தாலன்றி இக்குறை தீராது.

இங்கேதான் எழுதுகோலின் சங்கடம் தோன்றுகிறது. பேனா எழுதவேண்டுமாயின் தாளைத் தொடவேண்டும், தொட்டால் உராயும். உராய்வோ மெலிந்த அசைவை விழுங்கிவிடும். சிறிய அலை தாளில் ஏறாது. பெரிய அலையும் தன் வடிவம் குன்றும். நடந்ததை எழுதவந்த சாட்சியே நடப்பதைத் தடுப்பதாயின் அச்சாட்சியை எவ்வாறு நம்புவது?

1867-ல் தாம்ஸன் இதற்கு விடை கண்டார். அதுவே வடிகுழாய்ப் பதிகருவி. அதன் அமைப்பில் மூன்று நுட்பங்கள் உள. முதலாவது, கனத்த மின்காந்தத்தை அசையாது நிறுத்தி, மெல்லிய கம்பியாற் சுற்றிய இலேசான சட்டத்தை அதன் இரு முனைகளுக்கிடையே தொங்கவிட்டார். கனமானது நிற்க, இலேசானதே அசையும். இரண்டாவது, பேனாவுக்குப் பதிலாக மயிர்போன்ற கண்ணாடிக் குழாய் ஒன்றை வளைத்து, ஒரு முனையை மைக்கூட்டில் தோய்த்து, மறு முனையைத் தாளுக்கு அருகே நிறுத்தினார். சட்டத்தின் அசைவு இழையின் வழியே குழாயைச் சென்றடையும். மூன்றாவதே யாவற்றினும் வியக்கத்தக்கது. குழாயின் முனை தாளைத் தொடுவதேயில்லை. மைக்கு மின்னேற்றி, தாள்நாடாவை மண்ணோடு இணைத்த உலோகத்தின்மேல் ஓடச் செய்தார். மின்னேறிய மை நுண்டுளிகளாய்த் தானே தாளை நோக்கிப் பாய்ந்தது. நாடா நகர நகர, ஒரு பக்கம் சாய்ந்தால் புள்ளி, மறுபக்கம் சாய்ந்தால் கோடு எனச் செய்தி அலையலையாய்ப் பதிவாயிற்று. ஈரக்காற்றில் மின்னேற்றம் நில்லாது ஒழுகிவிடும். ஆகவே பிற்காலத்தார் மின்னேற்றத்தை விடுத்துக் குழாய்முனையை மெல்ல அதிரச்செய்து அதே பயனைப் பெற்றனர். கணத்திற்குக் கணம் தொட்டு விலகும் முனைக்கு உராய்வு மிகக் குறைவு.

தாம்ஸனின் மனைவியார் மார்கரெட் 1870-ல் காலமானார். அவ்வாண்டே அவர் லாலா ரூக் என்னும் பாய்க்கப்பலை வாங்கினார். கடல் அவருக்கு இளைப்பாறும் இடமாகவும் ஆராயும் இடமாகவும் ஆயிற்று. கடலின் ஏற்றவற்றம் அவர் கருத்தை ஈர்த்தது. கிணறுபோன்ற குழியில் மிதவையொன்றை இட்டு, அதன் ஏற்ற இறக்கத்தைக் கடிகாரத்தாற் சுழலும் உருளையின்மேற் கோடாய் வரையச்செய்வது முன்னரே தெரிந்த முறை. அக்கோடு ஒழுங்கற்றதாய்த் தோன்றினும், சந்திரன், சூரியன் ஆகியவற்றின் பல்வேறு இயக்கங்களால் எழும் எளிய அலைகள் கூடியதே என்று தாம்ஸன் உணர்ந்தார். பதினைந்து வயதில் படித்த பூரியேயின் நூல் இங்கே பயன் தந்தது.

அவ்வலைகளைத் திரும்பவும் கூட்டினால் வருங்கால ஏற்றவற்றத்தை முன்னறியலாமன்றோ? 1872-ல் பிரைட்டன் நகரில் கூடிய விஞ்ஞான சபைக்கு ரயிலில் செல்லுகையில், உடன்வந்த பொறியியலறிஞர் பீச்சம் டவர், பல கப்பிகளின் மேலும் கீழும் ஒரே கயிற்றைச் செலுத்தலாமே என்றார். தாம்ஸன் அதை உடனே பற்றிக்கொண்டார். அடுத்து எழுந்த பொறியில் பத்துக் கப்பிகள், பத்து அலைகளுக்கு ஒப்பாய், தத்தம் வேகத்தில் ஏறியிறங்கும். கயிற்றின் கோடியில் கட்டிய எழுதுகோல் அவ்வசைவுகளின் கூட்டுத்தொகையைத் தாளில் வரையும். ஒரு துறைமுகத்தின் ஓராண்டு ஏற்றவற்றம் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் வரையப்பட்டது. இங்கே பேனா தாளைத் தாராளமாய்த் தொட்டது. ஏனெனில் அதை இழுப்பது மெலிந்த மின்சாரமன்று, கைப்பிடியைச் சுழற்றும் மனிதனின் வலிமை. எங்கே உராய்வு கெடுதி, எங்கே அது பொருட்டன்று என்று பிரித்தறிந்ததிலேயே அவர் திறமை விளங்குகிறது.

இந்தியத் துறைமுகங்களுக்கென எட்வர்ட் ராபர்ட்ஸ் வகுத்த பொறி 1879-ல் லண்டனில் செய்யப்பட்டது. 1944-ல் நார்மண்டிக் கரையில் நேசநாட்டுப் படைகள் இறங்குதற்குரிய வேளையை ஆர்தர் டூட்ஸன் கணித்ததும் இவ்வகைப் பொறிகளாலேயே.

1892-ல் தாம்ஸன் கெல்வின் பிரபுவானார். இனி அவர் வாழ்வில் ஒரு குறையையும் மறையாது கூறவேண்டும். பூரியேயின் அதே கணிதத்தைக் கொண்டு, உருகிய நிலையிலிருந்து குளிர்ந்துவரும் பூமியின் வயதை அவர் கணக்கிட்டார். 1897-ல் அதை இரண்டு முதல் நான்கு கோடி ஆண்டு என்று வரையறுத்தார். நிலநூலார் அது போதாதென்றனர். அவரிடம் முன்னர் உதவியாளராயிருந்த ஜான் பெரி, பூமியின் உட்பகுதி உஷ்ணத்தை எளிதிற் கடத்துமாயின் கணக்கு முற்றும் மாறும் என 1895-லேயே காட்டினார். கெல்வின் தம் கருத்தினின்று பெயரவில்லை. இன்று நாம் அறிந்த வயது ஏறக்குறைய 454 கோடி ஆண்டு. மெலிந்த குறிப்புக்கும் இடங்கொடுக்கும் எழுதுகோலை அமைத்த அறிஞர், தம் உள்ளத்தை அவ்வாறு அமைத்துக்கொள்ள இயலாது போயிற்று.

1907-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நியூட்டனுக்கு அருகே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

மாணவ நண்பர்களே! நம் ஆராய்ச்சிச்சாலையில் கருவியொன்று கோடு வரையக் காணும்போது, இக்கோட்டில் பொருளின் அசைவு எவ்வளவு, பேனாவின் பாரம் எவ்வளவு என்று நாம் கேட்டுப் பழகுவோமாக. பிறர் கூற்றைக் கேட்டு எழுதும்போது நம் விருப்பு வெறுப்பின் பாரம் எவ்வளவு என்றும் அவ்வாறே கேட்போமாக. முன்னதைக் கெல்வின் பிரபுவின் வெற்றியும், பின்னதை அவர் தவறும் நமக்குக் கற்பிக்கின்றன.