யாங் செங்பூ

பகைவரை அடக்குதற்கென்று தோன்றிய கலையொன்று, பிணியாளரும் முதியோரும் தம் உடலைப் பேணுதற்குரிய கலையாக மாறுதல் உலகில் அரிதாகவே நிகழ்வதாம். சீன தேசத்துத் தாய்ச்சி என்னும் மற்கலை அங்ஙனம் மாறிய வரலாறு பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை வரலாறேயாகும். அம்மூன்றாந் தலைமுறையிற் பிறந்து, அக்கலையை நாடெங்கும் பரவச் செய்த யாங் செங்பூ என்பாருடைய சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவருடைய பாட்டனாராகிய யாங் லூசான், இக்காலத்து ஹோபே மாகாணத்தைச் சேர்ந்த யுங்நியன் என்னும் பகுதியில் 1799ஆம் ஆண்டிற் பிறந்தவர். இவர் ஹோனான் மாகாணத்திலே சென் குடியினர் வாழும் சிற்றூரையடைந்து, சென் சாங்சிங் என்னும் ஆசிரியரிடம் பல்லாண்டு பயின்றார். சுவருக்கப்பால் மறைந்து நின்று கற்றனர் என்பது முதலாக இவரைப் பற்றி வழங்குங் கதைகள் பல; அவற்றை மெய்ப்பிக்கும் சான்றுகள் இல. பின்னர்ப் பீகிங் நகரஞ் சென்று, மஞ்சூ பிரபுக்களின் மாளிகைகளில் ஆசிரியராய் அமர்ந்து, வெல்லற்கரியார் என்னும் பட்டப் பெயரும் பெற்று, 1872இல் இறந்தார். இவர் மக்களுள் பான்ஹௌ என்பவர் கடுஞ்சினத்தவர். இளையவராகிய சியன்ஹௌ சாந்த குணமுடையவர். அந்தச் சியன்ஹௌவின் புதல்வரே 1883ஆம் ஆண்டிற் பிறந்த நம் செங்பூ.

செங்பூவின் தமையனாராகிய ஷாவ்ஹௌ இவரினும் இருபத்தோராண்டு மூத்தவர். அவர் பெரிய தந்தையின் கடுமையையுங் கைத்திறனையும் ஒருங்கே பெற்றிருந்தார். அவரிடங் கற்கப் புகுந்தோர் அடிக்கு அஞ்சி அகன்றனராதலின், அவருக்கு மாணாக்கர் சிலரே எஞ்சினர். நம் செங்பூவோ இளமையில் இக்கலையிற் பெரிதும் ஊக்கங்கொண்டாரல்லர் என்றும், 1917இல் தந்தையார் இறந்த பின்னரே, இழந்த செல்வத்தின் அருமையை உணர்ந்து, இரவும் பகலும் உழைத்துத் தேர்ந்தனர் என்றும் அவர் மாணவர் வழியினர் கூறுவர்.

இதற்கிடையில் நாட்டின் நிலையும் மாறியது. 1912இல் மஞ்சூ அரசு வீழ்ந்தது. மாளிகைகளில் ஆசிரியரை வைத்துப் போற்றிய பிரபுக்களின் செல்வாக்கும் அதனோடு மறைந்தது. அபினியாலும் வறுமையாலும் நலிந்த சீனரைப் பிறநாட்டார் நோயாளிச் சாதியினர் என்று இகழ்ந்த காலம் அது. ஆதலின், உடற்பயிற்சியே தேசத்தை உயிர்ப்பிக்கும் என்று கற்றோர் கருதத் தலைப்பட்டனர். அவ்வாண்டிற்றானே பீகிங்கில் உடற்பயிற்சி ஆராய்ச்சிக் கழகம் ஒன்று நிறுவப்பட்டது. பின்னர் யாங் சகோதரர் இருவரும், வூ சியன்சுவான் என்பாரும் அதில் ஆசிரியராயினர். குடும்பத்துக்குள் அடங்கியிருந்த வித்தை கட்டணஞ் செலுத்துவார் யாவர்க்கும் உரியதாயிற்று.

இங்கே ஓர் இடர் எழுந்தது. கழகத்துக்கு வந்தவர் படைவீரரல்லர். எழுத்தரும் வணிகரும் புலவருமே பலராயினர். அவர்க்குத் துள்ளலும், நிலம் அதிர மிதித்தலும், திடீரென வீசும் வன்மையும் எங்ஙனம் பொருந்தும்? செங்பூ அவற்றை நீக்கி, அசைவுகளை விரிந்தனவாகவும், மெதுவாகவும், ஆற்றொழுக்குப் போல் இடையறாதனவாகவும் அமைத்தார். தலையை நிமிர்த்தல், தோளைத் தாழ்த்தல், இடையைத் தளர்த்தல், உடற்பாரம் எந்தக் காலில் நிற்கின்றது என்பதைத் தெளிதல், தசை வலியினும் மனத்தின் கருத்தாலேயே உறுப்பை இயக்குதல் முதலாக அவர் வகுத்த நெறிகள் பத்து. அவற்றை எழுத்தில் வடித்தவர், 1925இல் ஷாங்காய் நகரில் இக்கலைக்கென ஒரு சங்கம் நிறுவிய மாணவராகிய சென் வெய்மிங்.

இதனால் போர்த்திறம் அழிந்ததெனச் சிலர் குறைகூறினர். அஃது உண்மையன்று. இருவர் எதிரெதிர் நின்று கைகளை ஒட்டித் தள்ளியும் இணங்கியும் பழகும் பயிற்சியை அவர் கைவிட்டாரில்லை. எதிரியின் வலி வருந் திசையைத் தோலால் உணர்ந்து, அதனைத் தடுக்காது வழிவிட்டு, அவன் நிலை தளர்ந்தபோது தள்ளுதலே அதன் நுட்பம். தனித்துச் செய்யும் மெல்லசைவு ஒவ்வொன்றும் இப்பயிற்சியில் ஒரு பயனுடையதாகும். மெதுவாகச் செய்தல் எளிதென்பாரும், தாழ்ந்த நிலையிற் காலூன்றிச் சில நிமிடம் நின்று பார்ப்பாராயின் தம் கருத்தை மாற்றிக்கொள்வர்.

1928இல் அவர் தெற்கே சென்றார். ஷாங்காய், நான்கிங், ஹாங்சௌ, காண்டன் ஆகிய நகரங்களில் கற்பித்தார். 1931இலும் 1934இலும் அவர் பெயரால் நூல்கள் வெளிவந்தன. பிந்திய நூலின் முகவுரையில், சிறுவராகிய செங்பூவுக்குப் பாட்டனாரே இக்கலையின் நோக்கத்தை உபதேசித்தாரென்று காணப்படுகின்றது. பாட்டனார் இறந்தது பேரர் பிறப்பதற்குப் பதினோராண்டு முன்னராதலின், அது நடந்த செய்தியன்று. எனினும், மக்களின் நலிவைப் போக்குதலே இக்கலையின் பயனென்று அம்முகவுரை வற்புறுத்தும் கருத்து, அக்காலத்தின் ஏக்கத்தை நன்கு புலப்படுத்துவதாகும்.

உடல்நலக் கலையைப் பரப்பிய இவர் தாம் நீண்டநாள் வாழ்ந்தாரல்லர். நடுவயதில் அவருடல் மிகப் பருத்திருந்ததை நூல்களிலுள்ள படங்கள் காட்டுகின்றன. 1936ஆம் ஆண்டில், ஐம்பத்து மூன்றாம் வயதில், ஷாங்காயில் அவர் காலமானார். இதனை மறைத்தலாற் பயனில்லை. எந்தப் பயிற்சியும் சாவைத் தடுக்கும் மருந்தன்று. ஆசிரியரின் ஆயுளைக்கொண்டு கலையை அளத்தலும் முறையன்று.

அவருக்குப் பின் அவர் புதல்வரும் மாணவரும் அக்கலையைப் பிற தேசங்கட்குங் கொண்டுசென்றனர். 1956இல் சீன அரசாங்கத்தார் பொதுமக்களுக்கென வகுத்த இருபத்து நான்கு நிலைகள் அவர் முறையையே அடியாகக் கொண்டவை. முதியோர் தவறி விழுதலை இப்பயிற்சி குறைக்கின்றதென்று இக்கால மருத்துவ ஆராய்ச்சிகளும் கண்டுள்ளன. 2020ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் தாய்ச்சியை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

மாணவர்காள்! ஷாவ்ஹௌவின் கைத்திறன் தம்பியின் திறத்தினுங் குறைந்ததன்று. ஆயினும் இன்று தாய்ச்சி பயில்வோருட் பெரும்பாலார் பின்பற்றுவது தம்பியின் முறையையே. தமக்கு எளிதாயதைக் கற்பிப்பவன் வித்தகன். பிறர்க்கு எளிதாகுமாறு கற்பிப்பவனே ஆசிரியன். இளமையிற் காலத்தை வீணாக்கினோம் என்று வருந்துவார்க்கும் இவர் சரித்திரம் ஆறுதல் தரும். காலங்கடந்து தொடங்கினும், தொடங்கியதை விடாது செய்வாராயின், அவர் முயற்சி பிறர்க்கும் பயன்படுதல் திண்ணம்.